ஒரே ஊசி, வேறு வேறு கணக்கு

கழுத்தில் கட்டி என்று தெரிந்ததும் எல்லோரும் கேட்பது ஒன்றைத்தான்: புற்றுநோயா, இல்லையா? ஊசி போட்டு எடுத்துப் பார்த்துவிடலாம் என்பார் மருத்துவர். உடனே இன்னொரு கேள்வி எழும். அந்த ஊசி சொல்வதை எவ்வளவு தூரம் நம்பலாம்? பாடப்புத்தகத்தைப் புரட்டினால் அதற்கு ஓர் எண் கிடைக்கும். ஆனால் அந்த எண் ஊசியின் உறைமேல் அச்சாகி வருவதில்லை. ஊர் மாறினால் அதுவும் மாறும். உப்பு மாறினாலும் மாறும். அதை விளக்க யாங்கோனைவிடப் பொருத்தமான நகரம் எனக்குத் தோன்றவில்லை.

யாங்கோன் என்பது நம் தாத்தாக்களின் ரங்கூன்தான். 1931 கணக்கெடுப்பில் அந்த நகரத்து மக்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் இந்தியர்கள். தமிழர்கள் கட்டிய காளி கோயில் இன்றும் நகர மையத்தில் இருக்கிறது. அங்கிருந்து கொஞ்ச தூரம் மேற்கே போனால், போஜோ ஆங் சான் சாலையில் யாங்கோன் பொது மருத்துவமனையின் பழைய செங்கல் கட்டடம், பிரிட்டிஷ் காலத்தது. 2014 கணக்கெடுப்பின்படி 5 கோடிக்கு மேல் மக்கள் வாழும் மியான்மரில், மாவட்ட மருத்துவமனைகளில் தீராத நோய்கள் கடைசியில் வந்து சேரும் இடங்களில் அதுவும் ஒன்று. இந்த 'கடைசியில் வந்து சேரும்' என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு கணக்குப் போடும்போது அது வேண்டியிருக்கும்.

சின் மலைப்பகுதியிலிருந்து 52 வயதுப் பெண் ஒருவர் வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். கழுத்தின் வலப்பக்கம் 3 செ.மீ. கட்டி. வலி இல்லை. எச்சில் விழுங்கும்போது கட்டியும் மேலே ஏறி இறங்குகிறது. கூடவே, யாங்கோனில் பிறந்து வளர்ந்த 24 வயது மகள்.

அம்மாவைப் படுக்க வைத்து, தோளுக்கடியில் தலையணை கொடுத்து, கழுத்தைப் பின்னுக்கு வளைக்கிறார்கள். விழுங்கக் கூடாது, பேசக் கூடாது. 23 அல்லது 25 கேஜ் ஊசி, அதாவது சுமார் அரை மில்லிமீட்டர் தடிமன். இரத்தம் எடுக்கும் ஊசியைவிடப் பெரியதல்ல. அதைக் கட்டிக்குள் செலுத்தி, சில வினாடிகள் முன்னும் பின்னுமாக வேகமாக அசைத்து, வெளியே எடுத்துவிடுகிறார்கள். சிலர் சிரிஞ்சை இழுத்து உறிஞ்சுவார்கள். சிலர் உறிஞ்சுவதே இல்லை, ஊசிக்குழலுக்குள் செல்கள் தானாக ஏறிவிடும் என்பார்கள். தைராய்டு இரத்தம் நிரம்பிய உறுப்பு. பலமாக உறிஞ்சினால் வருவது இரத்தம்தான், செல்கள் அதில் மூழ்கிவிடும். இரண்டு முதல் ஐந்து முறை, கட்டியின் வெவ்வேறு பகுதிகளில் குத்துவது வழக்கம். 'ஊசி குத்தினால் பரவிவிடாதா?' என்ற பயம் சென்னையிலும் உண்டு, யாங்கோனிலும் உண்டு. இவ்வளவு மெல்லிய ஊசியால் தைராய்டுப் புற்று பரவுவது மிக மிக அரிது.

ஊசியில் வந்தது ஒரு துளிதான். அதைக் கண்ணாடி ஸ்லைடில் தெளித்து, இன்னொரு ஸ்லைடால் இழுத்துப் பரப்ப வேண்டும். ஒரு ஸ்லைடை உடனே 95 விழுக்காடு ஆல்கஹாலில் போடுவார்கள். இன்னொன்றைக் காற்றில் உலர்த்துவார்கள். இந்த உலர்த்தல் பற்றி நூல்கள் ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போய்விடும். யாங்கோனில் மே முதல் அக்டோபர் வரை மழை. ஆண்டுக்கு 2,500 மி.மீ.க்கு மேல் கொட்டுகிறது. ஈரக் காற்றில் ஸ்லைடு மெதுவாக உலரும். மெதுவாக உலர்கிற செல் உருக்குலையும். ஆல்கஹாலில் போட வேண்டிய ஸ்லைடை அரை நிமிடம் தாமதித்தாலோ, உட்கருவின் நுண்ணிய விவரங்கள் மங்கிப்போகும். நோயாளியின் கழுத்தில் எந்த மாற்றமும் இல்லை, மருத்துவரின் கையும் தவறவில்லை. ஆனால் மைக்ராஸ்கோப் முன் உட்காருபவருக்கு வேறொரு செல் போய்ச் சேர்கிறது. பரிசோதனையின் துல்லியம் என்று நாம் சொல்வதில் ஸ்லைடை உலர்த்தும் மின்விசிறிக்கும் பங்கு உண்டு.

மெல்லிய ஊசிக்கு முன்னால் தடித்த ஊசிதான் இருந்தது. 1930இல் நியூயார்க் மெமோரியல் மருத்துவமனையில் ஹேய்ஸ் மார்ட்டினும் எட்வர்ட் எல்லிஸும் 18 கேஜ் ஊசியால் கட்டிகளிலிருந்து செல்களை உறிஞ்சி எடுத்து நோயைக் கண்டறியும் முறையை வெளியிட்டார்கள். அமெரிக்கா அதைப் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. மெல்லிய ஊசிக்கு மாறி அதை ஒரு தனித் துறையாகவே வளர்த்தவர்கள் ஸ்டாக்ஹோமில் இருந்த ஃபிரான்சேன், சயிசெக், லோவ்ஹாகன் முதலானவர்கள். அங்கிருந்து அது அமெரிக்காவுக்குத் திரும்பி வந்தது. 1980 வாக்கில் மின்னசோட்டாவின் மேயோ கிளினிக் இந்த ஊசியைக் கையிலெடுத்தது. அதன் விளைவை 1982இல் வெளியிட்டார்கள். அதற்கு முன் தைராய்டு கட்டியோடு வந்தவர்களில் 67 விழுக்காட்டினர் அறுவைக்குப் போனார்கள். ஊசி வந்த பின் 43 விழுக்காடு. அறுத்து எடுத்த கட்டிகளில் புற்று இருந்தது முன்பு 14 விழுக்காடு, பின்பு 29. குறைவாக அறுத்து, அதிகமாகக் கண்டுபிடித்தார்கள். ஊசியின் பெருமைக்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. நான் கீழே எழுப்பும் சந்தேகங்கள் எதுவும் இதை மறுப்பதற்காக அல்ல.

ஸ்லைடில் என்னதான் தெரியும்? தைராய்டுப் புற்றில் மிகப் பெரும்பான்மை இரண்டு வகை: பாப்பிலரி, ஃபாலிகுலர். பாப்பிலரி வகையின் அடையாளம் அதன் உட்கருவிலேயே இருக்கிறது. உட்கரு பெரிதாகி, வெளிறி, நீளவாக்கில் ஒரு பள்ளக் கோடு விழுந்திருக்கும். சிலவற்றில் செல்லின் வெளிப்பகுதி உட்கருவுக்குள் பிதுங்கி, வட்டமான வெற்றிடம் மாதிரித் தெரியும். பழகிய கண்ணுக்கு ஒரு நிமிடம் போதும். நாலைந்து செல் கூட்டங்கள் கிடைத்தாலே அறிக்கை எழுதிவிடலாம்.

ஃபாலிகுலர் அப்படியல்ல. அதில் புற்றுச் செல்லும் சாதாரணக் கட்டியின் செல்லும் பார்வைக்கு ஒன்றேதான். புற்று என்று தீர்மானிப்பது செல்லின் முகம் அல்ல, அதன் நடத்தை. கட்டியைச் சுற்றியுள்ள உறையைத் துளைத்து வெளியே போயிருக்கிறதா, இரத்தக் குழாய்க்குள் புகுந்திருக்கிறதா என்பதுதான் கேள்வி. ஊசி கொண்டுவருவதோ உதிரிச் செல்கள். உறை அதில் வராது. ஆட்டின் முகத்தைப் பார்த்து அது வேலி தாண்டியதா என்று எப்படிச் சொல்வது? எவ்வளவு திறமையான மருத்துவரானாலும், எவ்வளவு நல்ல மைக்ராஸ்கோப்பானாலும், இந்த இடத்தில் ஊசி நின்றுவிடும். இது குறைபாடு அல்ல, எல்லை. ஆக, ஓர் ஊரில் ஃபாலிகுலர் வகை எவ்வளவு அதிகமோ, அந்த ஊரில் ஊசியின் துல்லியம் அவ்வளவு குறைவு.

எந்த ஊரில் எந்த வகை என்பதைத் தீர்மானிப்பதில் பெரும்பங்கு அயோடினுக்கு. அயோடின் குறைந்த நிலப்பகுதிகளில் ஃபாலிகுலர் வகையின் விகிதம் கூடுதல். அயோடின் கலந்த உப்பு வந்து சில காலம் ஆனால் பாப்பிலரி வகை மேலேறுகிறது. பல நாடுகளில் கண்ட மாற்றம் இது. இதைப் படிக்கும்போது குன்னூர் ஞாபகம் வருகிறது. குன்னூரில் ஊட்டச்சத்து ஆய்வகத்தை நடத்திய ராபர்ட் மெக்கேரிசன், அதற்கு முன் கில்கிட் மலைக் கிராமங்களில் கழுத்துக் கழலையை ஆராய்ந்தவர். ஆற்றின் போக்கில் கீழே போகப் போகக் கழலைக்காரர்கள் கூடுகிறார்கள் என்று எண்ணிப் பார்த்துச் சொன்னார். அந்தத் தண்ணீரின் கசடைத் தானே குடித்தும் பார்த்தார். முடிவு? குடலில் வாழும் கிருமிதான் காரணம் என்றார். எண்ணிக்கையில் தவறில்லை, எண்ணிக்கைக்குச் சொன்ன பொருள்தான் தவறு. மருத்துவத்தில் இது அடிக்கடி நடப்பதுதான்.

அயோடினுக்கும் கழலைக்கும் உள்ள உறவை அமெரிக்கா 1920களிலேயே நடைமுறைக்குக் கொண்டுவந்துவிட்டது. 1924இல் மிச்சிகன் மாநிலக் கடைகளில் அயோடின் உப்பு விற்பனைக்கு வந்தது. மேயோ கிளினிக் தன் கணக்கை எழுதிய 1982இல் அந்த நாட்டில் இரண்டு தலைமுறை அயோடினோடு வளர்ந்திருந்தது. மியான்மரின் கதை வேறு. 1994இல் பள்ளிப் பிள்ளைகளைச் சோதித்தபோது ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்குக் கழலை கண்ணுக்கே தெரிந்தது. மலைப் பகுதிகளில் மட்டும் என்றில்லை. வெள்ளம் மண்ணை அலசிக்கொண்டு போகும் சமவெளிகளிலும் அயோடின் நிற்பதில்லை. கடற்கரையில் உப்பு விளைகிற நாடுதானே என்று தோன்றலாம். கடல் உப்பில் இயல்பாக இருக்கும் அயோடின் மிகச் சொற்பம். அதை உப்பில் சேர்க்கத்தான் வேண்டும். 1990களின் பிற்பகுதியில் அந்தத் திட்டம் நாடு முழுக்கப் போனது. அடுத்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் கழலை விகிதம் ஒற்றை இலக்கத்துக்கு இறங்கியது.

இப்போது நம் அம்மாவையும் மகளையும் பாருங்கள். அம்மா இருபது வயதைத் தாண்டும்வரை அயோடின் இல்லாத உப்பில் வளர்ந்தவர். மகள் பிறந்ததிலிருந்தே அயோடின் உப்பு. ஒரே வீடு, இரண்டு வகைத் தைராய்டு. அம்மாவின் கழுத்தில் பழைய கழலைக்குள் பல கட்டிகள் இருக்க வாய்ப்பு அதிகம், ஃபாலிகுலர் வகைக்கும் வாய்ப்பு அதிகம். மகளுக்குக் கட்டி வந்து அது புற்றாகவும் இருந்தால் பெரும்பாலும் பாப்பிலரியாக இருக்கும், ஊசி அதைப் பிடித்துவிடும். ஒரே நாளில், ஒரே மேசையில், ஒரே மருத்துவர் ஒரே ஊசியால் இருவருக்கும் எடுத்தாலும், அந்த ஊசியின் நம்பகம் இருவருக்கும் ஒன்றல்ல.

அயோடின் வந்தால் எல்லாம் ஊசிக்குச் சாதகம் என்றும் சொல்லிவிட முடியாது. இலங்கையில் 1995இல் உப்பில் அயோடின் கட்டாயமானது. அதற்குப் பின் அங்கே பள்ளி மாணவிகளைச் சோதித்தபோது, தைராய்டைத் தாக்கும் எதிர்ப்புரதங்கள் எதிர்பார்த்ததைவிட அதிகமாகக் காணப்பட்டன. அயோடின் கூடும் இடங்களில் ஹாஷிமோட்டோ அழற்சி தலைகாட்டுவது வேறு நாடுகளிலும் கண்டதே. இந்த அழற்சியில் தைராய்டுச் செல்களின் உட்கரு வீங்கி, சில சமயம் பாப்பிலரிப் புற்றைப்போல வேடமிடும். இல்லாத புற்றை இருக்கிறது என்று சொல்லவைக்கும் காரணங்களில் இது முக்கியமானது. ஒரு கையால் கொடுத்து மறு கையால் கொஞ்சம் எடுத்துக்கொள்கிறது உப்பு. இதைக் கேட்டு அயோடின் உப்பை யாரும் விட்டுவிட வேண்டாம். கருவிலிருக்கும் குழந்தையின் மூளைக்கு அது தரும் நன்மைக்கு முன் இந்தத் தொல்லை ஒன்றுமே இல்லை.

இனி கணக்கு. மேயோவின் கரீபும் கெல்னரும் 1993இல் பல மருத்துவமனைகளின் முடிவுகளைத் தொகுத்தார்கள். புற்று இருப்பவர்களில் ஊசி பிடித்தது 65 முதல் 98 விழுக்காடு, சராசரி 83. புற்று இல்லாதவர்களில் இல்லை என்று சரியாகச் சொன்னது 72 முதல் 100, சராசரி 92. மருத்துவமனைக்கு மருத்துவமனை எவ்வளவு இடைவெளி என்று பாருங்கள். போகட்டும், சராசரியையே எடுத்துக்கொள்வோம்.

தைராய்டு கட்டி உள்ள 1,000 பேர், அவர்களில் 80 பேருக்குப் புற்று என்று ஒரு கற்பனை. ஊசி 66 பேரைப் பிடிக்கும், 14 பேரை விட்டுவிடும். புற்று இல்லாத 920 பேரில் 74 பேரை வீணாகப் பயமுறுத்தும். ஆக 'புற்று' என்று அறிக்கை வந்த 140 பேரில் உண்மையில் புற்று உள்ளவர்கள் 66, பாதிகூட இல்லை. 'புற்று இல்லை' என்று வீட்டுக்கு அனுப்பிய 860 பேரில் ஏமாந்தவர்கள் 14, நூற்றுக்கு இரண்டுக்கும் குறைவு.

இதே ஊசியை, மாவட்டங்கள் சலித்து அனுப்பியவர்கள் வந்து சேரும் பெரிய மருத்துவமனைக்குக் கொண்டுபோவோம். அங்கே 1,000 பேரில் 250 பேருக்குப் புற்று என்று வைப்போம். 'புற்று' என்று வரும் 268 அறிக்கைகளில் 208 உண்மை, நாலில் மூன்றுக்கு மேல். 'இல்லை' என்று வரும் 732 அறிக்கைகளில் 42 பொய், நூற்றுக்கு ஏறக்குறைய ஆறு. ஊசியும் கையும் கண்ணும் மாறவில்லை, வாசலில் வரிசையில் நிற்பவர்கள் மட்டும் மாறினார்கள். அதற்குள் 'இல்லை' என்ற ஆறுதல் மூன்று மடங்குக்கு மேல் பலவீனமாகிவிட்டது. மின்னசோட்டாவின் எண்ணை யாங்கோன் அறிக்கையில் எழுதுவது எவ்வளவு தவறோ, யாங்கோன் பெரிய மருத்துவமனையின் எண்ணை ஷான் மாநிலத்துச் சிறு மருத்துவமனையில் எழுதுவதும் அவ்வளவே தவறு.

அதோடு, நிஜ அறிக்கைகள் 'ஆம்', 'இல்லை' என்று மட்டும் வருவதில்லை. 2007இல் அமெரிக்காவின் பெதெஸ்டாவில் கூடிய நிபுணர்கள் ஆறு படிகள் வகுத்தார்கள். இன்று யாங்கோனில் இருந்தாலும் வேலூரில் இருந்தாலும் அறிக்கையில் ரோமன் எண் ஒன்று நிற்பது இதனால்தான். I என்றால் போதிய செல் வரவில்லை. புற்றின் அடையாளம் கண்ணில் படாவிட்டால், குறைந்தது பத்துப் பத்துச் செல்களாக ஆறு கூட்டங்கள் வேண்டும். II என்றால் தீங்கற்றது, VI என்றால் புற்று. இடையில் உள்ள மூன்றில் V பெரும்பாலும் புற்றுதான். III, IV இரண்டும்தான் தூக்கத்தைக் கெடுப்பவை. 2023 பதிப்பின் சராசரிப்படி புற்று வாய்ப்பு II-இல் நூற்றுக்கு 4, III-இல் 22, IV-இல் 30, V-இல் 74, VI-இல் 97. நான் மேலே சொன்ன ஃபாலிகுலர் எல்லைக்கோடு விழுவது IV-இல்.

இந்த நடுப்பகுதியை எந்தப் பக்கம் சேர்த்து எண்ணுகிறோம் என்பதைப் பொறுத்து, ஊசி மேதையாகவும் தெரியும், நாணயம் சுண்டுவது மாதிரியும் தெரியும். 2012இல் வந்த ஒரு தொகுப்பாய்வு 25,445 ஊசிப் பரிசோதனைகளைச் சேர்த்துப் பார்த்தது. புற்றைப் பிடிக்கும் திறன் 97 விழுக்காடு. புற்று இல்லை என்று சரியாகச் சொல்லும் திறன் 50.7. கரீபும் கெல்னரும் 92 என்றார்களே, இது எப்படிப் பாதியானது? ஊசி கெட்டுப்போகவில்லை. நடுவில் நின்ற சந்தேக அறிக்கைகளையும் 'புற்று' என்ற பக்கம் சேர்த்து எண்ணினார்கள். இன்னொன்று, அந்த 25,445 பேரில் அறுவை செய்து உண்மை தெரிந்தவர்கள் நாலில் ஒருவர்தான். தீங்கற்றது என்று அறிக்கை வந்தவரை யாரும் சும்மா அறுக்கமாட்டார்கள். அப்படியும் அறுத்தால் கட்டி வளர்ந்திருக்கும், அல்லது ஸ்கேனில் ஏதோ உறுத்தியிருக்கும். உண்மை தெரிந்தவர்களே தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் என்றால், அவர்களை வைத்துப் போட்ட விழுக்காடும் அவர்களுக்கே உரியது. '95 விழுக்காடு துல்லியம்' என்ற விளம்பரத்தைப் பார்த்தால், எதை எந்தப் பக்கம் எண்ணினார்கள் என்று நான் முதலில் தேடுவேன்.

மகளையும் ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிடலாமே என்று யாராவது சொல்வார்கள். அங்கே கொஞ்சம் நிதானிக்க வேண்டும். கையால் தடவிப் பார்த்தால் பெண்களில் நூற்றுக்கு ஐந்து பேருக்குத்தான் தைராய்டு கட்டி. ஸ்கேன் வைத்தால் ஆய்வைப் பொறுத்து 19 முதல் 68 பேர் வரை. தென் கொரியா அப்படி ஊரையே ஸ்கேன் செய்தது. 1993இலிருந்து 2011க்குள் தைராய்டுப் புற்று பதினைந்து மடங்கானது. அதனால் சாகிறவர்களின் எண்ணிக்கை அசையவே இல்லை. நம் பக்கத்தில் திருவனந்தபுரத்திலும் பெண்களிடையே இந்த நோய் வேகமாகக் கூடுவதாகப் பதிவேடுகள் காட்டுகின்றன. அங்கேயும் இதே சந்தேகத்தை ஆய்வாளர்கள் எழுப்பியிருக்கிறார்கள். மகளுக்கு அறிகுறி எதுவும் இல்லை என்றால் ஸ்கேனே தேவையில்லை. வேறு காரணத்துக்கு எடுத்த ஸ்கேனில் 1.2 செ.மீ. சாதுவான கட்டி தெரிந்தால்கூட, அமெரிக்க கதிரியக்கவியலாளர்களின் 2017 விதிப்படி ஊசி வேண்டாம். லேசான சந்தேகம் உள்ள கட்டிக்கு அவர்கள் வைத்த வரம்பு 2.5 செ.மீ., பலத்த சந்தேகம் உள்ளதற்கு 1 செ.மீ.

அம்மாவின் கட்டி 3 செ.மீ. அவருக்கு ஊசி வேண்டும்தான். அறிக்கை III என்று வந்தால், சில வாரம் கழித்து மறுபடி ஊசி போடலாம். பலருக்கு இரண்டாவது முறை தெளிவான விடை கிடைத்துவிடும். IV என்று வந்தால் மறுபடி போட்டும் பெரிதாகப் பயனில்லை. செல்லின் மரபணுவைப் பார்த்துச் சொல்லும் பரிசோதனைகள் அமெரிக்காவில் உண்டு, விலை சில ஆயிரம் டாலர். மலையிலிருந்து பேருந்தில் வந்த குடும்பத்துக்கு அதைச் சொல்லிப் பயனில்லை. 2021 பிப்ரவரி ஆட்சிக் கவிழ்ப்புக்குப் பின் அரசு மருத்துவர்கள் பலர் ஒத்துழையாமையில் இறங்கி மருத்துவமனைகளைவிட்டு வெளியேறிய நாட்டில், ஸ்லைடு பார்க்கத் தெரிந்த கண்கள் எத்தனை மிஞ்சியிருக்கின்றன என்பதே பெரிய கேள்வி.

ஆகவே IV என்று வந்தால், தைராய்டின் வலப்பாதியை எடுப்பார்கள். இடப்பாதி மிஞ்சுவதால் ஆயுள் முழுக்க மாத்திரை வேண்டியிராமலும் போகலாம். எடுத்த கட்டியின் உறையைச் சுற்றிச் சுற்றி மெல்லிய சீவல்களாக வெட்டி, வேலி எங்காவது உடைந்திருக்கிறதா என்று தேடுவார்கள். உடையவில்லை என்றால் கதை முடிந்தது. நூற்றுக்கு எழுபது பேருக்கு அப்படித்தான் முடியும். கணிசமாக உடைந்திருந்தால் மீதிப் பாதியையும் எடுத்து, கதிரியக்க அயோடின் கொடுக்க வேண்டிவரலாம். அறுவைக்குப் பின் வந்த இந்த முடிவை, முன்பு ஊசியில் எடுத்த ஸ்லைடின் எண்ணுக்கு நேரே ஒரு பதிவேட்டில் யாராவது எழுதிவைக்க வேண்டும். அதற்கு டாலர் வேண்டாம், கோடு போட்ட நோட்டுப் போதும். இருநூறு முன்னூறு வரிகள் சேர்ந்ததும் அந்த ஆய்வகத்தின் IV-க்கு 30-தானா, 20-ஆ, 45-ஆ என்று தெரிந்துவிடும். அடுத்து சின் மலையிலிருந்து வருபவரிடம் மருத்துவர் சொல்ல வேண்டிய எண் அது.